முல்லைத்தீவுக் கரையும் படமெடுக்கும் கலையும்

வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய்வந்த மறுநாள், விடிவதற்கு முன்னரே எழுந்து, வட்டுவாகலுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட கடற்கரைக்குப் போனேன். 2002ஆம் ஆண்டிலிருந்து, போர் மறித்த ஆண்டுகள் நீங்கலாக, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் கமராவுடன் நான் நடக்கும் கரை அது. அன்று எனக்கு முன்னரே ஓர் இளைஞர் அங்கே வந்திருந்தார். முக்காலியைத் தண்ணீரோரமாக ஊன்றி, வில்லைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் பொருத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பேச்சுக் கொடுத்தேன். கமராவின் பின்புறத் திரையில் தாம் எடுத்த படத்தைக் காட்டினார்.

கடல் கடலாக இல்லை. அலைகள் யாவும் கரைந்து, மார்கழி மாதத்து வயல்வெளிப் பனிபோல ஒரே வெண்மையாகப் பரந்து கிடந்தது. மேலே இளஞ்சிவப்பு வானம். கீழே ஈரமணலில் அதன் சாயல். அழகான படம் என்பதில் ஐயமில்லை.

"எவ்வளவு நேரம் திறந்து வைச்சனீர்?" என்று கேட்டேன்.

"நாலு நிமிசம் அண்ணை. முன்னுக்குப் பத்து ஸ்டொப் பில்டர் போட்டிருக்கு. பாருங்கோ, ஆக்களே இல்லாமல் வடிவா வந்திருக்கு."

அவர் சொன்னது உண்மை. படத்தில் ஆட்கள் இல்லை. ஆனால் அந்த நாலு நிமிடமும் அவரது சட்டகத்தின் நடுவே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தை உற்றுப் பார்த்தபோது மணலுக்கும் நீருக்கும் இடையில் மெல்லிய புகை போன்ற ஒரு கீற்றுத் தெரிந்தது. அவர்கள்தான் அது.

இதிலே மாயமொன்றும் இல்லை. பத்து ஸ்டொப் வடிகட்டி வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. விடியற்பொழுதில் கால் விநாடியில் எடுக்க வேண்டிய படத்தை அதனால் நாலு நிமிடத்துக்கு இழுக்கலாம். அந்த நேரத்தில் அசையாமல் இருப்பது பதியும், அசைவது அழியும். ஒளிப்படக் கலையின் முதற் பாடமே இதுதான் எனலாம். 1838இல் பாரிஸ் நகரத்து லூயி தாகேர் தமது சாளரத்திலிருந்து புல்வார் டு தெம்ப்ள் என்ற தெருவைப் படமெடுத்தார். வண்டியும் குதிரையும் ஆட்களும் நிறைந்த தெரு அது. தகடு ஒளியை உள்வாங்கச் சில நிமிடங்கள் பிடித்தமையால், படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு மூலையில் ஒரு காலை உயர்த்திச் சப்பாத்துத் துடைப்பித்துக்கொண்டு நின்ற ஒருவரும், துடைத்தவரும் மாத்திரமே தப்பினார்கள். மனித உருவம் பதிந்த முதலாவது ஒளிப்படம் என்று அதையே பொதுவாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை அந்த இளைஞருக்குச் சொன்னேன். "அப்ப இந்தப் படத்தில நிக்கிறதெண்டால் ஆரும் சப்பாத்துத் துடைக்க வேணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆயினும் 'ஆக்களே இல்லாமல்' என்ற அந்தச் சொல், வீடு திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. வேறு கரையாக இருந்திருந்தால் விட்டிருக்கும்.

முதலில் கரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், புலம்பெயர்ந்த வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதி, நகரை நெருங்குவதற்குச் சில கிலோமீற்றர் முன்னால் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கிறது. பாலத்துக்கு ஒரு புறம் நந்திக்கடல், மறுபுறம் பெருங்கடல். பாலத்துக்கு வடக்கே முள்ளிவாய்க்கால் நோக்கி நீள்வது, களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். படமெடுப்பவனுக்கு இது கிடைத்தற்கரிய இடம். கரை வடகிழக்கு நோக்கியது. ஆகவே வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் நேரே கடலிலிருந்து எழும்பும், மார்கழியில் வலப்புறமாக ஒதுங்கி எழும்பும். மாலையில் திரும்பி நின்றால் அதே சூரியன் நந்திக்கடலுக்கு அப்பால் இறங்குவதைப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்று கடல்மேல் உதயத்தையும் நீர்மேல் அத்தமனத்தையும் எடுக்கக்கூடிய கரைகள் நாட்டில் அதிகமில்லை.

காற்றும் இங்கே படத்தைத் தீர்மானிக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் தணிந்திருக்கும். அதுவே கரைவலைக் காலம். வாடை பிறந்துவிட்டால் கடல் கலங்கி, வள்ளங்கள் மேலே ஏறிவிடும், வாடிகள் வெறுமையாகும். அக்காலத்தில் வில்லையில் உப்புத்தூறல் படிந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் எல்லாப் படமும் மூடுபனிக்குள் எடுத்தது போலாகும். நான் பழுதாக்கிய படங்களில் பாதி அப்படிப் போனவை.

சரி, இக்கரையை யார் முதலில் படமெடுத்தார்கள்? இலங்கைக்குக் கமரா வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1860களில் ஸ்கீன் நிறுவனமும், 1890இல் பிளாட்டே நிறுவனமும் கொழும்பில் தொழில் தொடங்கின. ஜோசப் லோட்டன் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரத்தையும் பொலனறுவையையும் சிகிரியாவையும் அரசுக்காகப் படமெடுத்தார். ஆனால் இவர்களது படங்களை விலைகொடுத்து வாங்கியவர்கள் கப்பற் பயணிகளும் தோட்டத் துரைமாரும். அவர்களுக்கு வேண்டியவை கண்டி ஏரி, பேராதனைப் பூங்கா, கோப்பித் தோட்டம், இடிபாடுகள், கொழும்புத் துறைமுகம். முல்லைத்தீவு அந்த வழியில் இல்லை. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் கைப்பற்றிய கோட்டை நின்ற ஊர், 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேட்டில் விரிவாக இடம்பெற்ற ஊர், எழுத்தில் கிடைத்த இடத்தைப் படத்தில் பெறவில்லை.

தொழில்நுட்பமும் ஒரு காரணம். அன்றைய ஈரத்தகட்டு முறையில் கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, அது காய்வதற்குள் படமெடுத்து, உருத்துலக்கி முடிக்க வேண்டும். எல்லாம் கால் மணி நேரத்துக்குள். நமது வெயிலில் அதற்கும் குறைவு. ஆகவே இருட்டறையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். காட்டுப் பாதையில் மாட்டுவண்டியில் கண்ணாடித் தகடுகளைக் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்கு யார் வருவார்கள்?

கடலை எடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தத் தகடு நீல ஒளியை மிகைபட உள்வாங்கும். கடலுக்குப் பொருத்தமான அளவில் எடுத்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். வானத்துக்குப் பொருத்தமாக எடுத்தால் கடல் கருகிவிடும். பிரான்சின் குஸ்தாவ் லு கிரே 1856, 1857 அளவில் இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் ஒட்டி ஒரே படமாக அச்சிட்டார். சில படங்களில் அந்த வானம் அந்தக் கடலின்மேல் ஒருபோதும் இருந்ததில்லை. பார்த்தவர்கள் வியந்து போனார்கள். கடற்கரைப் படத்தில் கலைநுட்பம் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்குகிறது. அதோடு சேர்ந்து பொய்யும் தொடங்கிவிட்டது என்று சொல்வேன், ஆனால் பத்திரிகைக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று கலைஞர்கள் கோபிப்பார்கள்.

இலங்கையில் வாழ்ந்த இரண்டு மேதைகளை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் இங்கேயே மறைந்தார். குவியத்தை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்தி, முகங்களை மென்மையாக்கி எடுத்தவர். அவரது காலத்து விமர்சகர்கள் அதைக் கைப்பிழை என்று ஏளனம் செய்தார்கள், இன்று அதுவே அவரது கையொப்பம். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சுபவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலே தோட்டங்களில் வேலைசெய்த மக்களும் இருக்கிறார்கள். முகம் இருக்கிறது, பெயர் இல்லை. விக்ரோரியா மகாராணி காலத்து அறிஞர்களை எடுத்தபோது பெயர் எழுதி வைத்தவரின் கமராவுக்கு முன்னால், இவர்கள் பெயரின்றி நின்றார்கள்.

மற்றவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர். சட்டத்தரணி, பியானோக் கலைஞர், 43 குழுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர், 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். இருட்டறையில் அவர் செய்யாத சோதனை இல்லை. வெவ்வேறு நெகட்டிவ்களை இணைத்து ஒன்றாக்கினார். சோலரைசேஷன் என்ற முறையையும் கையாண்டார். பாதி உருத்துலங்கிய நிலையில் படத்தின்மேல் ஒரு கணம் வெளிச்சத்தைக் காட்டினால், வெளிச்சமும் இருளும் ஓரளவு இடம் மாறி, உருவத்தைச் சுற்றி ஒரு கோடு எழும். தொழிற்பிழையாகக் கருதப்பட்ட அதை 1929 அளவில் பாரிஸில் மான் ரேயும் லீ மில்லரும் கலையாக்கியிருந்தார்கள். வென்ட் சில ஆண்டுகளில் அதைக் கொழும்பில் செய்துகாட்டினார். அவர் மறைந்த பின் நெகட்டிவ்களில் பெரும்பகுதி அழிந்துபோக, அச்சிட்ட படங்களே எஞ்சின. அவற்றிலிருந்து 1950இல் 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' என்ற நூல் வெளியாயிற்று.

வென்டின் படங்களில் வரும் மீனவர்களையும் கடற்கரைச் சிறுவர்களையும் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கண் ஒருமுறையேனும் நமது கரைவலையைக் கண்டிருந்தால் என்று ஏங்கியதுண்டு. ஏக்கம் வரலாறாகாது.

நமது கரையைப் பொறுத்தவரை, வரலாறு ஸ்ரூடியோக்களில் இருக்கிறது. திருமணம், பூப்புனித நீராட்டு, அடையாள அட்டை ஆகிய மூன்றும்தான் ஸ்ரூடியோக்காரரின் வருமானம். கடலுக்கு அரை மைல் தொலைவில் இருந்த ஸ்ரூடியோவிலும் பின்னணித் திரையில் கடலும் தென்னையும் தீட்டியிருந்தார்கள். உண்மையான கடலுக்கு முன்னால் போய் நின்று படமெடுக்க எவரும் கேட்கவில்லை. அது தொழில் செய்யும் இடம். என் அம்மாவின் ஊர் முள்ளியவளை. எங்கள் குடும்பத்தில் கடற்கரையில் எடுத்த ஒரேயொரு படம் இருந்தது. மாமா ஒருவர் பெட்டிக் கமராவில் எடுத்தது. தொடுவானம் சரிந்து, அம்மாவின் தலை பாதி வெட்டுப்பட்டு இருந்ததாக ஞாபகம். இடப்பெயர்வொன்றில் அதுவும் போயிற்று.

1990களில் பொருளாதாரத் தடை வந்தது. வன்னிக்குள் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. பற்றரி இல்லையேல் பிளாஷ் இல்லை, புதிய வகைக் கமராக்களில் ஷட்டரும் இல்லை. அந்த ஆண்டுகளில் கைகொடுத்தவை பழைய இயந்திரக் கமராக்கள். ரஷ்யத் தயாரிப்பான ஸெனித்-ஈ கமராவின் ஒளிமானி செலீனியத்தால் ஆனது, வெளிச்சம் பட்டாலே முள் ஆடும், பற்றரி வேண்டாம். என்னிடம் இருந்ததும் அதுவே. செங்கல் மாதிரிப் பாரம். ஷட்டர் விழும் சத்தத்துக்குக் கரையில் நிற்கும் கொக்கெல்லாம் பறக்கும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்ததும், அந்த ஸெனித்துடன் இக்கரைக்கு வந்தேன். அப்போது எனக்கு நிழலுருவப் படங்களில் பெரும் மோகம். கரை கிழக்குப் பார்த்தது என்றேன் அல்லவா? காலையில் கடலை நோக்கி எடுத்தால் எல்லாமே எதிரொளி. வானத்துக்கு அளவெடுத்து எடுத்தால், வலை இழுப்பவர்கள் கன்னங்கரேலென்ற உருவங்களாக, கயிறும் தசையும் வளைவும் மாத்திரம் தெரிய விழுவார்கள். பத்திரிகை அச்சுக்கும் அது உவப்பானது. நமது செய்தித்தாளில் நுணுக்கமான சாம்பல் நிறம் எதுவும் நிற்காது, கறுப்பு மட்டும் நிற்கும். 2003இல் அப்படியான ஒரு படம் நான் வேலைசெய்த பத்திரிகையின் வார இதழில் அரைப்பக்கத்துக்கு வந்தது. பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்து, வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்தது. முல்லைத்தீவு நகரமும் கரையோரக் குடியிருப்புகளும் சில நிமிடங்களில் இல்லாமற் போயின. மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். அடுத்த ஆண்டின் முற்பகுதியில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்து என்னைத் தேடினார். முப்பது வயதிருக்கும். அந்தப் பத்திரிகைப் படத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார். இடமிருந்து மூன்றாவதாக, ஒரு காலை மணலில் புதைத்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் உருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது எங்கட அப்பா. நிக்கிற நிலையில தெரியுது."

வீடு, அலுமாரி, அல்பம் எதுவும் மிஞ்சவில்லை. அப்பாவும் இல்லை. அந்தியேட்டிக்குப் படம் வைக்காமலே செய்து முடித்துவிட்டார்களாம்.

"முகம் தெரியிற மாதிரி வேறையொண்டும் எடுக்கேல்லையோ ஐயா?"

அன்று அந்தக் கரையில் நான் ஒரு முழு றோல் எடுத்திருந்தேன். முப்பத்தாறு படம். நெகட்டிவ்களை எடுத்து, வெளிச்சப் பெட்டியில் வைத்து, இருவருமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முப்பத்தாறும் எதிரொளி. திரும்பி நின்று, சூரியனை முதுகில் வாங்கி, ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் முகங்கள் அத்தனையும் பொன்வெயிலில் வந்திருக்கும். எனக்கு அது அன்று சாதாரணப் படமாகத் தோன்றியிருக்கும். நெகட்டிவில் வெளிச்சம் விழாத பகுதி வெறும் கண்ணாடியாக இருக்கும் என்பது படமெடுப்பவர்களுக்குத் தெரியும். அதிலிருந்து எந்த இருட்டறை வித்தையாலும் முகத்தை எடுக்க முடியாது. இருந்ததையே பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் நான் நிழலுருவம் எடுக்கவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிச் சென்ற ஜோர்தானியக் கப்பல் 'ஃபாரா 3' இயந்திரக் கோளாறினால் முல்லைத்தீவுக் கடலில் நின்று, பின்னர் முள்ளிவாய்க்கால் கரையில் தட்டியது. 2009இல் உலகம் பார்த்த இக்கரையின் படங்களில் அந்தக் கப்பல் ஓர் அடையாளமாக நின்றது.

அந்த ஆண்டின் படங்களைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதல்ல. 2009 பெப்ரவரி 12ஆம் திகதி, களப்புக்கும் கடலுக்கும் இடையிலான ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றர் நிலம் பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்டது. மே மாதம் 8ஆம் திகதி அது மேலும் சுருக்கப்பட்டது. சுயாதீன ஊடகவியலாளர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. உள்ளே இருந்து படமெடுத்தவர்கள் வன்னியிலேயே வாழ்ந்தவர்கள். கவிஞரும் ஒளிப்படக் கலைஞருமான அமரதாஸ் அவர்களில் ஒருவர். வெளியே இருந்தவர்களுக்கு வானம் ஒன்றே வழியாயிற்று.

வானத்திலிருந்து இக்கரையை எடுத்தது அதுவே முதல் தடவையன்று. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியுடன் நாடு முழுவதும் விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டது. காட்டையும் மண்ணையும் கணக்கெடுப்பது அதன் நோக்கம். 2009இல் நோக்கம் வேறு. மனித உரிமை அமைப்புகளின் வேண்டுகோளின்படி, அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் மே 6ஆம் திகதியும் 10ஆம் திகதியும் எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. ஐக்கிய நாடுகளின் செய்மதிப் பிரிவும் அவ்வாறான ஆய்வுகளைச் செய்தது. மே 6இல் வரிவரியாக நின்ற தறப்பாள் கூடாரங்களில் பெரும்பகுதி 10ஆம் திகதியன்று இல்லை. மணலில் குழிகள் இருந்தன. 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் சான்றாகச் சேர்க்கப்பட்டன.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரத்தைச் சொல்லவேண்டும். அக்காலத்தில் வணிகச் செய்மதிப் படங்களை அரை மீற்றருக்கும் நுணுக்கமாக விற்க அமெரிக்கச் சட்டம் இடமளிக்கவில்லை. 2014இல்தான் அது தளர்த்தப்பட்டது. அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் அரை மீற்றர். மேலிருந்து பார்த்தால் ஒரு மனிதரின் தோள் அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான். இலட்சக்கணக்கானவர்கள் நின்ற கரையை எடுத்த படத்தில் தறப்பாள் தெரிந்தது, குழி தெரிந்தது, கப்பல் தெளிவாகத் தெரிந்தது. மனிதர் மாத்திரம் மனிதராகத் தெரியவில்லை.

போர் முடிந்து வீதிகள் திறந்தபின் தெற்கிலிருந்து பேருந்துகளில் மக்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் எடுத்தது ஃபாரா 3. அந்த ஆண்டுகளில் எச்.டி.ஆர் என்ற முறை பெரும் மவுசில் இருந்தது. ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் மூன்று தடவை எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவது. லு கிரே இரண்டு நெகட்டிவில் செய்ததன் பேரப்பிள்ளை. துருவின் செம்மையும் கடலின் நீலமும் முகில்களின் கருமையும் ஒருங்கே தெறிக்கும். நாட்காட்டிக்கு ஏற்ற படம். கப்பலைச் சுற்றியிருந்த மணலில் அப்போதும் சேலைத் துண்டுகளும் சட்டிபானைகளும் பயணப்பைகளும் பிள்ளைகளின் புத்தகங்களும் கிடந்தன. அல்பங்களும் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பசை ஊறி முகங்கள் கழன்றுபோயிருந்தன. ஓரமாக ஒரு குத்துவிளக்கும் சேலைக்கரையும் தெரிந்தன. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். நாட்காட்டிப் படமெடுத்தவர்கள் இவற்றைச் சட்டகத்துக்கு வெளியே விடுவதற்குக் கமராவைச் சற்று மேலே தூக்கினால் போதுமாயிருந்தது. பின்னர் கப்பலும் துண்டுதுண்டாக வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது.

2017 மார்ச் 8ஆம் திகதி முதல் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களின் கைகளில் இருக்கும் படங்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலானவை அடையாள அட்டைக்கு எடுத்த ஸ்ரூடியோப் படங்கள். கலைநுட்பம் ஒன்றும் இல்லாதவை. நேரான வெளிச்சம், வெள்ளைப் பின்னணி, கமராவை நேரே பார்க்கும் கண்கள். முகம் தெரிகிறது.

இவ்வளவும் எழுதுவதால், புதிய முறைகளை எதிர்க்கிறேன் என்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டாம். நானும் எல்லாவற்றையும் செய்துபார்த்தவன்தான். அகச்சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்தால் பனையோலையும் தாழம்புதரும் பஞ்சுபோல வெண்மையாகி, வானம் கருகும். ஊசித்துளைக் கமராவில் எடுத்தால் கரையும் கடலும் ஒரேயளவு மங்கலாகி, கனவில் கண்ட இடம்போலத் தோன்றும். வள்ளம் கரையேறும்போது கமராவையும் கூடவே திருப்பினால் வள்ளம் தெளிந்து கடல் கோடுகோடாக ஓடும். கொக்கிளாய்ப் பக்கம் கரையில் படியும் இல்மனைட் கருமணலின் வரிகளை நெருங்கி எடுத்தால், தூரிகையால் தீட்டியதுபோல இருக்கும். இவை யாவும் இன்பமான விளையாட்டுகள். ஆனால் எதைச் செய்தாலும் ஒரு றோலில் இரண்டு படமாவது, இப்போதைக்கு ஒரு அட்டையில் இருபது படமாவது, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு முகங்களை எடுத்துவிடுகிறேன். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அடுத்த முறை போகும்போது அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறேன். சம்மாட்டியார் ஒருவர் என்னைப் 'படம் குடுக்கிறவர்' என்றே மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார்.

கையால் இழுக்கும் வலைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலிதான் கயிற்றை இழுக்கிறது. வட்டுவாகலில் புதிய பாலத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய பாலத்தின் ஒடுங்கிய வளைவில் நின்று நான் எடுத்த படங்களும் இனி வரலாற்றுப் படங்களாகிவிடும்.

அந்த இளைஞருக்கு என் கதைகள் எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை. தாகேர் கதையை மட்டுமே சொன்னேன். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே கரை, அதே வலை. இம்முறை ஷட்டரை அரை விநாடிக்குக் குறைத்திருக்கிறார். அலை இன்னமும் நூல்நூலாக ஓடுகிறது. கயிறு இழுப்பவர்கள் கலங்கித் தெரிகிறார்கள், ஆயினும் ஆட்கள் என்று தெரிகிறது. கரையில் இழுத்த கயிற்றை வளையமாகச் சுருட்டிக்கொண்டு ஒரு முதியவர் இருக்கிறார். அவருடைய கைகள் மட்டும் கலங்கியிருக்கின்றன. முகம் அப்படியே விழுந்திருக்கிறது. படத்தின் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்:

"இவருக்குப் பெயர் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன் அண்ணை. படம் பெரிசாக்கிக் குடுக்க என்ன சைஸ் நல்லது?"

எட்டுக்குப் பத்து என்று பதில் போட்டேன்.